அப்பாவின் ஓக்லஹோமா ஆட்டம்

அமெரிக்காவில், ஓக்லஹோமாவில் படிக்கும் மகள் வீடியோ காலில் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். நிலம் பிடிக்க ஓடுவதற்காக, குதிரைகளும் வண்டிகளுமாக வெள்ளைக்காரர்கள் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். எதிர்ப் பள்ளி மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

சேலையூரில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் நெருஞ்சி முள்ளும் எருமைச் சாண வாடையுமாக ஒரு பொட்டல். வரலாற்று ஆசிரியரான அப்பா அங்கேதான் இந்த ஆட்டத்தைச் சொல்லித் தந்தார்.

"யாருமே இல்லாத பூமி! முதல்ல கொடி நடுறவங்களுக்கே சொந்தம்!" என்று கத்திவிட்டு விசில் ஊதுவார். அங்கே குடிசையில் இருந்த என் தோழி மல்லிகாதான் எப்போதும் ஜெயிப்பாள். தன் வாசலிலேயே குச்சியை நட்டு, "இது எங்க வூடு சார்!" என்பாள். அப்பா கைதட்டுவார்.

அடுத்த வருடம் அப்பா அந்த இடத்தை வாங்கினார். குடிசை போயிருந்தது. மல்லிகா எங்கே என்று கேட்டேன்.

"அங்க யாரும்மா இருந்தா? காலி மனைதானே," என்றார் அப்பா.

"அங்க ஏற்கெனவே பழங்குடிங்க இருந்தாங்கம்மா," என்றாள் மகள், போனில் நான் அந்த ஆட்டத்தைச் சொன்னதும். "தாத்தா ஹிஸ்டரி வாத்தியார்தானே, அவருக்குத் தெரியாதா?"

தெரியாமலா? வருடா வருடம் பாடம் நடத்தியவர்.

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். மல்லிகா குச்சி நட்ட இடத்தில்தான் எங்கள் சமையலறை இருக்கிறது.