முதல் பந்தி

எங்கள் சித்தப்பா பேச ஆரம்பித்தால் சோறு ஆறி, மீன்கறியில் ஆடை கட்டிவிடும். திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாட்டைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் சூடாக இருந்த காலம் அது. வடசேரியில் கூட்டம் முடிந்ததும் நாலைந்து தோழர்களைச் சாப்பிட அழைத்து வருவார். வந்தவர்கள் முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, திருவனந்தபுரத்து ஆட்சியை மத்தியானம் முழுக்கக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் உண்டு எழும்வரை பெண்கள் ஒரு பருக்கை தொடக்கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது.

சித்திக்கு அப்போது கைக்குழந்தை. பால் கொடுக்கிற உடம்புக்குப் பசி தாங்குமா? அடுக்களைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, முற்றத்துப் பேச்சு எப்போது ஓயும் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் சித்தப்பா தோழர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஆளுகிறவனை எதிர்த்து எகிறுவது கலகம். ஆளும் முறையையே மாற்றி, மாற்றியது நிலைத்துவிட்டால் புரட்சி. ஒரே வீட்டுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டால் உள்நாட்டுப் போர். கேட்டுக் கேட்டு எட்டு வயதிலேயே எனக்கு இது மனப்பாடம். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினால், சித்தி தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை வீறிட்டது.

வீட்டின் மூத்த மருமகளான அம்மா பதறிப்போனாள்.

“ஏட்டி, ஆம்பிளைக இன்னும் உண்ணல்ல. உனக்கு என்ன கேடு?”

“பால் வத்திப்போச்சுக்கா. நாடு சேருகது வரைக்கும் எனக்க பிள்ளை பட்டினி கெடக்கணுமா?”

சத்தம் கேட்டுச் சித்தப்பா எட்டிப் பார்த்தார். தோழர்கள் இருந்ததால் சிரித்தார். “இது சும்மா கலகம். நாளைக்கு அடங்கிரும்” என்றார்.

அடங்கவில்லை. சித்தி தினமும் பசித்தபோது சாப்பிட்டாள். அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு, “உப்பை எடுக்கச் சொல்லு” என்று என்னிடம் சொல்வாள்; நான் சித்தியிடம் சொல்வேன். என்னைப் பெற்றபோது அம்மாவும் அப்படித்தான் பசியோடு காத்துக்கிடந்தாளாம். ‘நான் பொறுத்ததை இவள் பொறுத்தால் என்ன’ என்பதுதான் அவளுடைய கோபம். எனக்கு இருவரையும் பிடிக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு அழுகையாக வரும்.

கடைசியில் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் வந்தது. வீட்டில் விருந்து. மலையாள ஆட்சி வேண்டாமென்று போராடியவர்களின் வெற்றிக்கு மலையாளத்துப் பாயசமான அடைப்பிரதமன்தான் வைத்தோம். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பந்தி தொடங்கியபாடில்லை. சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா முற்றத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அடுக்களைத் தரையில் மூன்று இலை போட்டாள்.

“இரிட்டி” என்றாள், நேராகச் சித்தியைப் பார்த்து.

சித்தி திரும்பி முற்றத்தைப் பார்த்தாள்.

“எனக்கும் பசிக்கி” என்றாள் அம்மா.

சித்தியின் கண் நிறைந்துவிட்டது. நானோ வெடி பார்க்க வாசலுக்கு ஓடினேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து மூன்றாவது இலையில் உட்கார வைத்தாள்.

“நீயும் இப்பவே உண்ணு மக்கா.”

வெளியே வெடி முழங்கியது. ‘வாழ்க’ என்று கத்தினார்கள். ஊரே மாறுகிற நாளில், ஒன்றையும் பார்க்க விடாமல் என்னை அடுக்களையில் உட்கார்த்திவிட்டார்களே என்று அழுதுகொண்டே சாப்பிட்டேன்.