ஒரு சிட்டிகை திருநீறு

வெள்ளிமலையில் ஒரு வீட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்த பழைய கைக்கடிகாரம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து ஓடினேன். கம்பெனி விற்பனைக்கு விடாமல், சோதனைக்கென்று செய்த ஒன்றிரண்டில் ஒன்று அது. மேல்கண்ணாடி இல்லை, டயல் பழுப்பேறியிருந்தது. என்னைப் போல வாட்ச் சேர்க்கும் பைத்தியங்களுக்கு அந்தப் பழுப்புதான் உயிர்.

"அழுக்கா கீதுங்க, பளிச்னு தேச்சித் தரேன்" என்று வீட்டுக்கார அம்மா விரலில் திருநீறு எடுத்தார். தேய்த்தால் டயலே போச்சு. "ஐயோ!" என்று அலறிவிட்டேன்.

அவர் வாட்சைக் கீழே போட்டுவிட்டு, பாயில் தூங்கிய குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். "இன்னாங்க, பாம்பா? எங்க?"

நான் தரையில் வாட்சைத் தேடிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாம்மா, பாம்புதான். போயிடுச்சு."

அதற்கப்புறம் அந்தக் குழந்தையை அவர் தரையில் படுக்க வைத்திருப்பாரா? அந்த நினைப்புதான் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.