ஆட்டுக்குட்டிக்கும் குருவிக்கும் பொதுவானது

மகனின் வீட்டுப்பாடத் தாளில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களைப் பார்த்ததும், வளைகுடாவில், ஈசா டவுனில் நான் இரண்டாம் வகுப்பு படித்த அறையின் மார்க்கர் மை வாசனை மூக்கில் ஏறியது.

தொலைந்துபோன ஆட்டுக்குட்டி, கூட்டிலிருந்து விழுந்த குருவி. இரண்டும் எங்களுக்கு மனப்பாடமான கதைகள். இதேபோல் இரண்டு வட்டங்கள் வரைந்து, இரண்டுக்கும் பொதுவானதை அவை வெட்டும் நடுப்பகுதியில் எழுதச் சொன்னார் ஷீலா மிஸ். ‘யாருக்கும் கேட்காமல் அழுதன’ என்று எழுதினேன்.

“கதையில அப்படி இல்லையேம்மா?”

“எங்கம்மா பாத்ரூம்ல பைப்பைத் திறந்துவிட்டு அப்படித்தான் அழுவாங்க மிஸ்.”

அப்பாவுக்கு வேலை போயிருந்தது. விசா முடிய இருபது நாள்தான் இருந்தது. அது வெளியே தெரியக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு; ஆனாலும் மிஸ் கேட்டதும் சொல்லிவிட்டேன். பள்ளிக்கு வரச்சொல்லி மிஸ் சீட்டு அனுப்பியதும் அம்மா கொதித்தாள்.

“பாடம் நடத்தறாளா, வீட்டை வேவு பாக்கறாளா?”

மறுநாள் கைப்பையை மடியில் இறுக்கியபடி மிஸ் எதிரில் உட்கார்ந்தாள். “எங்க வீட்ல யாரும் அழறதில்ல. இவ கற்பனையா எழுதிட்டா.”

மிஸ் தயங்கினார். “என் வீட்டுக்காரர் கம்பெனில ஆள் எடுக்கறாங்க. உங்க சார்கிட்ட சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்.”

“சாருக்கு நல்ல வேலை இருக்கு” என்று அம்மா எழுந்துவிட்டாள். டாக்சியில் என் காதோடு சொன்னாள்: “யாரோ ஒருத்தி நமக்கு எதுக்கு நல்லது செய்யணும்? ஏதோ இருக்கு. அப்பாகிட்ட மூச்சு விடாத.”

மூன்றாவது வாரம் சென்னைக்கு விமானம் ஏறினோம். அப்பாவுக்கு அதன்பிறகு சரியான வேலையே அமையவில்லை.

இப்போது அவர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.