அவர் வாங்கி வந்த அக்கார்டியன்

என் கணவர் ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு பழைய அக்கார்டியனை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மெல்லிசைக் குழு ஒன்றில் வாசித்த யாரோ விற்றதாம். சிவப்பு உடம்பு, பழுப்பேறிய கட்டைகள், திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களுடையது இரண்டே அறை கொண்ட வீடு. "இதை எங்க வைக்கிறதா உத்தேசம்? என் தலையிலயா?" என்றேன். "கத்துக்கப் போறேன்மா" என்றார். அதற்கும் ஏதோ எரிந்து விழுந்தேன். எட்டாம் நாள் காலை பல் தேய்க்கப் போனவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம்.

வலது கை போயிற்று, கூடவே பேச்சும். நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பார், ஒன்றும் வராது. அடையாறிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், படங்களைக் காட்டி "அங்கிள், இது என்ன?" என்று கேட்பாள். வாழைப்பழத்தை வாழைப்பழம் என்று சொல்ல முடியாமல் அவர் தவிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். மூன்று மாதம் ஒரு வார்த்தை கிடையாது. சில பேருக்குப் பாட்டு வழியாகப் பேச்சு திரும்பும் என்று அவள்தான் சொன்னாள். செல்போனில் பாட்டு போட்டேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் கட்டிலுக்கு எதிரே கிடந்த அந்தப் பெட்டியை மட்டும் அடிக்கடி பார்த்தார். சரி, நாமே வாசித்துத் தொலைப்போம் என்று தீர்மானித்தேன்.

எனக்கு வெள்ளிக்கிழமை பஜனையில் ஆர்மோனியம் வாசித்துப் பழக்கம். இதுவும் துருத்தி, கட்டை, ரீடு; வேறென்ன இருந்துவிடப் போகிறது என்ற தெனாவட்டு. பாயை விரித்துச் சம்மணம் போட்டு, கட்டைகள் என் பக்கம் வரும்படி அதை மல்லாக்கப் படுக்க வைத்தேன். இடது கையை எட்டிப் போட்டு, பின்பக்கத்தைத் துருத்தி என்று நினைத்துத் தள்ளினேன். மொத்தப் பெட்டியும் சறுக்கிக்கொண்டு வந்து மடியில் ஏறியது. ஒரு சத்தம் வந்தது, கீழ் வீட்டுக்காரம்மா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கோளாறு என்று நினைத்து, ஆட்டோவில் ஏற்றி மயிலாப்பூரில் என் ஆர்மோனியத்தைச் சரி பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். நடந்ததைக் கேட்டு அவர் சிரிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

"இன்னாமா, இத்த படுக்க வெச்சா வாசிச்சீங்க? பொட்டி நல்லாத்தான் கீது. தோள்ல மாட்டிக்கணும். இடது கை இஸ்துக்கினே இருக்கணும், அதே கை அந்தப் பொத்தானும் அமுக்கணும். இதுக்கு மேல எனக்கே தெரியாது."

மாட்டிக்கொண்டால் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கட்டைகளைக் குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது; இடது கைப் பொத்தான்களோ எப்படிக் குனிந்தாலும் தெரிவதில்லை. நூற்றுக்கு மேல் இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி. அவற்றை விட்டுத் தனியாக ஒரு பொத்தான். அதை அமுக்கி இழுத்தால் காற்று மட்டும் உஸ்ஸென்று வரும், சத்தம் வராது. என் வீட்டுக்காரர் வாயிலிருந்தும் அப்போது அதுதான் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மேற்கொண்டு வாசிக்க மனசு வரவில்லை, பெட்டியை மூடி வைத்தேன்.

பதினைந்து நாள் அவர் தூங்கும் பகலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று பழகினேன். ச ரி க ம வரைக்கும் வந்தது. பஞ்சமம் போவதற்குள் துருத்தி முழுக்கத் திறந்துவிடும், மூடிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இந்த வயதில் இது எனக்குத் தேவையா என்று அழுகையாகவே வந்தது.

ஒரு புதன்கிழமை காலை, காப்பி கொடுத்த பிறகு, அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நாமாவளியின் முதல் அடியை ஆரம்பித்தேன். எங்கெங்கோ விரல் பட்டு அபசுரமாகக் கத்தியது. அவர் முகம் கோணியது. நல்ல கையை நீட்டித் துருத்தியைத் தடுத்தார்.

"வேணாம்."

தெளிவாக, அவருடைய பழைய குரலிலேயே வந்தது. "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கெஞ்சினேன். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. காப்பி காட்டினேன், பேத்தியின் படத்தைக் காட்டினேன். இல்லை. மறுபடி துருத்தியை இழுத்தேன்.

"வேணாம்."

பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். "சூப்பர் ஆன்ட்டி, நிறுத்தாதீங்க, தினமும் பண்ணுங்க" என்றாள். தினமும் காலையில் மாட்டிக்கொள்கிறேன். அவர் கண்ணில் நீர் கட்டிக்கொள்கிறது. வேணாம் என்கிறார், வாசிக்கிறேன், வேணாம் என்கிறார். வாய் திறந்து என்ன கேட்டாலும் உடனே செய்துவிட வேண்டும் என்று மூன்று மாதமாகக் காத்துக்கொண்டிருந்தவள் நான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதை என்னால் செய்ய முடியவில்லை.