எந்தக் கிண்ணத்துத் தண்ணீர்?

காலை 6.30. புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் பதினைந்து மைல். பஸ் சார்ஜ் ஐந்தணா. யுத்தம் வந்தபின் பெட்ரோல் கிடைப்பதில்லை. பெட்ரோலுக்குப் பதிலாகப் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கண்டக்டர் அதைக் கிளறிப் புகை கிளப்பிய பிறகே ஏறச் சொன்னார்.

"நார்த்தாமலை ஏத்தத்துல எறங்கித் தள்ளச் சொன்னா கோவிச்சுக்காதீங்க" என்றார்.

"காசும் குடுத்து வண்டியும் தள்ளணுமா? அதுக்கு வண்டிய நாங்களே வாங்கிக்கிடுறோம்" என்றார் பின் சீட்டுப் பெரியவர்.

"வாங்கிக்கங்க. கரியும் நீங்களே போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் இருந்த பிரசவ நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

இருபத்துமூன்று நாளுக்கு முன் இதே வழியில் போனேன். அன்று கையில் மருத்துவப் பெட்டி. கத்தரி, நூல், பஞ்சு, சோப்பு, எனாமல் கிண்ணம் இரண்டு. குளத்தூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சவரியம்மாளுக்குத் தலைப்பிரசவம், கால் முன்னே வந்த குழந்தை. மாலை 4.10க்குப் பிறந்தது, பெண். மூச்சு சரியாக வரவில்லை. உடனிருந்த நாத்தனார் பயந்து வெளியே ஓடிவிட்டாள். சவரியம்மாள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி ஊத்துங்க நர்ஸம்மா, ஞானஸ்நானம் குடுங்க" என்று அலறினாள்.

நான் விபூதி பூசும் வீட்டில் பிறந்தவள். ஆனால் திருச்சியில் எனக்கு மருத்துவச்சி வேலை கற்றுக்கொடுத்த கன்னியாஸ்திரீகள், சாகக் கிடக்கும் குழந்தைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சொல்லி, அதற்கான வார்த்தைகளையும் எல்லோருக்கும் மனப்பாடம் செய்வித்திருந்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பிதா, சுதன் என்று தொடங்கி வார்த்தை பிசகாமல் சொன்னேன். 4.25க்குக் குழந்தை இறந்தது.

அந்த ஊருக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். அவர் இல்லாதபோது கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார், தண்ணீர் ஊற்றியவள் இந்து என்பதால், சாமியார் வந்து முடிவு சொல்லட்டும் என்று குழந்தையை, ஞானஸ்நானம் பெறாதவர்களைப் போல, கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டார். இப்போது சாமியார் வந்திருக்கிறார். நேரில் வந்து சாட்சி சொல்லும்படி எனக்குக் கடிதம்.

நோட்டில் அந்தப் பிரசவத்துக்குப் பதினான்கு வரி எழுதியிருக்கிறேன். நேரம், எடை, நாடி, நஞ்சுக்கொடி விழுந்தது, எல்லாம் உண்டு. தண்ணீர் பற்றி ஒரு வரி இல்லை. வலது கிண்ணத்தில் காய்ச்சி ஆற்றிய தண்ணீர். இடது கிண்ணத்தில், காலரா காலத்தில் கிணற்றில் போடுவார்களே, அந்த ஊதா மருந்து கரைத்த லோஷன், கை கழுவ. அவசரத்தில் என் கை பழக்கமாகப் போவது இடது கிண்ணத்துக்கு. அன்று எதற்குப் போனது?

8.40. கீரனூர். சவரியம்மாளின் புருஷன் சூசை வண்டியோடு நின்றிருந்தார். நாலு மைல் செம்மண் பாதை.

"நர்ஸம்மா, சாமி எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லிருங்க. அம்புட்டுதான்."

"எதைக் கேட்டாலுமா?"

"எதைக் கேட்டாலும். அவ சரியா சோறு திங்கல. மழை பேஞ்சா வாசல்ல போயி நின்னுக்கிறா, புள்ள வெளிய கெடக்குதுன்னு."

வண்டி ஆடிய ஆட்டத்தில் நோட்டு இரண்டு முறை கீழே விழுந்தது.

10.15. கோயில் சார்ப்பில் சாமியார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உபதேசியார் பக்கத்தில். சவரியம்மாள் தூணோடு ஒண்டி நின்றாள். சாமியார் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்: "எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது."

"அதை நான் கேட்கவில்லையம்மா. என்ன நினைத்து ஊற்றினீர்கள்?"

"இவர்கள் எதைக் கேட்டார்களோ அதைச் செய்ய நினைத்தேன்."

"அது போதும்" என்றார். உபதேசியார் முகம் சுருங்கியது. வழியெல்லாம் நான் பயந்த கேள்விகளில் ஒன்று அரை நிமிஷத்தில் முடிந்தது.

"வார்த்தை?" சொல்லிக் காட்டினேன். "தலையிலா?" ஆமாம். "எந்தத் தண்ணீர்?"

சூசை என்னையே பார்த்தார். நல்ல தண்ணீர்தான் என்று சொன்னால் தீர்ந்தது. நான் இரண்டு கிண்ணத்தைப் பற்றியும் சொன்னேன். லோஷனாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "மருந்தில் ஞானஸ்நானம் இல்லையம்மா" என்றார் சாமியார்.

சவரியம்மாள் அழவில்லை. தூணிலிருந்து கையை எடுத்தாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு உதித்தது. "குழந்தையை ஏந்தின துணி எங்கே?"

"அதை யாரையும் தொட விடமாட்டா" என்றார் சூசை. "தொவைக்கவும் இல்ல."

அவளே போய்க் கொண்டுவந்தாள். வெள்ளை வேட்டிக் கிழிசல். அந்த லோஷன் காய்ந்தால் துணியில் பழுப்புக் கறை நிற்கும், சோப்புக்கும் போகாது. சாமியார் முன் அதை விரித்தேன். நடுவில் ரத்தம். ஒரு மூலையில் நான் கை துடைத்த இடம், ஐந்து விரலும் பழுப்பாக. எதிர் மூலை தலை இருந்த இடம். அங்கே தண்ணீர் காய்ந்த வளையம் மட்டும், வேறு நிறம் இல்லை.

"இது லோஷன்" என்று முதல் மூலையைக் காட்டினேன். "இது தண்ணீர்."

சாமியார் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு உபதேசியாரிடம், "மண்வெட்டி எடுங்கள்" என்றார்.

பகல் 12.00. வெளியே இருந்த குழிக்கும் உள்ளே வெட்டிய குழிக்கும் பதினாறு அடி. தோண்டி எடுத்த சிறு பெட்டியைச் சூசையே சுமந்தார். சாமியார் திரும்பி வரும்போது, "ஞானஸ்நானம் இரண்டாவது பிறப்பு. அதற்கும் நீங்கள்தான் மருத்துவச்சி" என்றார்.

சவரியம்மாள் வண்டி வரை வந்தாள். "இனிமே இதை அலசிரலாம்ல நர்ஸம்மா?"

"மொதல்ல பச்சத் தண்ணியில ஊற வையுங்க. சுடுதண்ணி ஊத்தினா ரத்தம் பிடிச்சுக்கும்."

"சரிங்க" என்றாள். "நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க. நானும் சாப்பிடுறேன்."

மாலை 4.00. திரும்பும் பஸ். கறை தலைப்பக்கம் இருந்திருந்தால் அவளுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கு முன் பிறந்து அன்றே இறந்த ஒரு அண்ணன் உண்டு. எங்கள் வீட்டில் யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் எங்கோ புதைத்தார்கள். எந்த இடம் என்று அம்மாவுக்கே தெரியாது. நானும் இதுவரை கேட்டதில்லை.

நோட்டைத் திறந்து பதினைந்தாவது வரியை எழுதினேன்: தண்ணீர், வலது கிண்ணம்.