கறிக்கு மட்டும்

அபிவிருத்திப் பொருளியல் வகுப்பில் ஒருநாள் எங்கள் ஊர்க் கடற்கரையைத் திரையில் போட்டுக் காட்டினார் விரிவுரையாளர். அப்போது நான் மூன்றாம் ஆண்டு. படத்தின் ஓரத்தில் அப்பாவின் வாடி தெரிந்தது. வலையும் கயிறும் போட்டுவைக்கிற ஓலைக் கொட்டில்தான். ஆனாலும் அம்மாவின் பழைய நீலச் சேலையைக் கிழித்து அதன் கூரையில் கட்டியிருந்த கொடி வரைக்கும் எனக்கு அடையாளம் தெரிந்தது. கீழே "நலிந்த வாழ்வாதாரம்: ஓர் உதாரணக் கிராமம்" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த தோழி என் கையைக் கிள்ளி, "உன்ர ஊரெல்லே?" என்றாள். ஓம் என்றேன். அதற்குமேல் கதைத்திருந்தால் அழுதிருப்பேன், அல்லது செருப்பைக் கழற்றியிருப்பேன்.

திருகோணமலை நகரத்துக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கத்துக் கரை அது. அப்பா அங்கே கரைவலைச் சம்மாட்டி. சம்மாட்டி என்றதும் பெரிய பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வலை அவருடையது, தோணி அவருடையது, இழுக்க வருகிறவர்களுக்குப் பங்கு, அவ்வளவுதான். வலை வளைக்க ஒவ்வொரு சம்மாட்டிக்கும் கரையில் ஒரு துண்டு இடம் உண்டு. அதைப் பாடு என்போம். பாடு போனால் வலையைக் காயவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் பள்ளிக்கூடம் போனதும் பல்கலைக்கழகம் போனதும் அந்தத் துண்டுக் கரையால்தான்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம். மீன் நன்றாகப் பட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் கண்ணூறு பட்டு, அடுத்த வளைப்பில் மீன் சேருகிற வலைப்பை, அதுதான் மடி, வெறுமையாக வரும் என்று பயம். "என்ன சம்மாட்டி, மீன் எப்பிடி?" என்று யார் கேட்டாலும் "கறிக்குத்தான்" என்பார்கள். வீட்டுக் கறிக்கு மட்டும் போதுமான மீன் என்று அர்த்தம். மடி கிழிகிற அளவுக்குக் கீரி மீன் பட்டு, கிண்ணியா வியாபாரிகள் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டுப் பெட்டி பெட்டியாகக் கட்டும்போதும் கறிக்குத்தான். உண்மையிலேயே ஒன்றும் படாத நாளில்தான் அப்பா சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால் அம்மா பெரிய சட்டியை எடுத்து அடுப்பில் வைப்பார். என் உயர்தரப் பெறுபேறு வந்தபோதும் இதே கதைதான். வாசல் படலையில் வந்து கேட்டவர்களிடம், "ஏதோ பாஸ் பண்ணிப்போட்டாளாம்" என்றார் அப்பா. நான் உள்ளே இருந்து பல்லைக் கடித்தேன்.

என் இரண்டாம் ஆண்டில் எங்கள் துறை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து அந்தக் கரையில் ஆய்வு செய்தது. பங்கேற்பு முறை என்று பெயர். சனம் மணலில் வட்டமாக இருக்க, நடுவில் பெரிய தாளை விரித்து, அதில் கடல், வயல், கூலி வேலை, வெளிநாட்டு வேலை என்று படங்கள் கீறியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை. எதனால் வீடு கூடுதலாக நடக்கிறதோ அந்தப் படத்தில் கூடுதலாக வைக்க வேண்டும். முறை நல்லதுதான். எழுத வாசிக்கத் தெரியாதவரும் தன் நிலைமையைச் சொல்லலாம். எங்கள் கரைக்கு அது சரிவராது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்த ஊர்ப் பிள்ளை, பக்கச்சார்பு வந்துவிடும் என்று என்னை வட்டத்துக்கு வெளியே நிறுத்தி, பிஸ்கற்றும் சோடாவும் கொடுக்கிற வேலையைத் தந்தார்கள்.

எல்லாச் சம்மாட்டிகளும் இருந்தார்கள். வியாபாரிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பாவின் முறை வந்தது. அன்று விடியப் பட்ட மீனின் செதில் அவருடைய முழங்கையில் இன்னும் ஒட்டியிருந்தது. அவர் கடலில் ஒரேயொரு கொட்டையை வைத்தார். அதையும் விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். மிச்சத்தைக் கூலி வேலையில் கொட்டினார். அந்த மனிசன் வாழ்நாளில் கூலி வேலைக்குப் போனதே இல்லை. அடுத்திருந்த சம்மாட்டி கடலில் ஒன்றுமே வைக்கவில்லை. ஒருவர் சொல்வது பொய் என்று மற்றவர் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, அதுதான் அங்கே மரியாதை. எங்கள் ஆய்வுக்குழு மட்டும் கொட்டைகளை மிகக் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விரிவுரையாளரின் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"சேர், அவையள் மீனைப் பற்றி உண்மை சொல்லமாட்டினம். கண்ணூறுக்குப் பயம். வியாபாரியளைக் கேளுங்கோ, ஐஸ் குடுக்கிற ஆக்களைக் கேளுங்கோ."

"பிள்ளை, சனம் தங்கட வாயால சொன்னதை நாங்கள் மாத்த ஏலாது. அது சனத்தை அவமதிக்கிறது."

"வாயால சொல்லேல்லை சேர், புளியங்கொட்டையாலதானே சொன்னவை."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. வறுமையைப் பற்றிப் படிப்பிக்கும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சனத்தை மதிக்கவேண்டும் என்று அவ்வளவு கவனமாக இருந்தவருக்கு, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் சனம்தான் என்று தோன்றவில்லை.

பிறகு அறிக்கை வந்தது. கடலால் தங்களுக்குப் பெரிய வருமானம் இல்லை என்று மக்களே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே கரையை உல்லாசப் பயணத்துறைக்கு விடலாம் என்று இருந்தது. மக்களுக்கு மாற்று வாழ்வாதாரமாக விடுதி அறை கூட்டவும் மேசை துடைக்கவும் பயிற்சி. வகுப்பில் திரையில் வந்த படம் அந்த அறிக்கையில் இருந்து எடுத்ததுதான். அந்த வகுப்பு நடந்த அதே கிழமை எங்கள் கரையில் எல்லைக்கு வெள்ளைக் கட்டைகள் அடித்தார்கள். ஒரு கட்டை அப்பா வலை வளைக்கிற இடத்துக்கு நட்டநடுவில் நின்றது.

மறுப்பு இருந்தால் சொல்லலாம் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு விசாரணை வைத்தார்கள். அதற்கு முதல் நாள் பின்னேரம் அப்பாவைக் குசினியில் இருத்திக் கெஞ்சினேன்.

"அப்பா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. நல்லா மீன் படுது, இந்தக் கரையாலதான் நாங்கள் எல்லாரும் சாப்பிடுறம் எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம் பிள்ளை, சொல்லுறன்."

"சத்தியமா?"

"சொல்லுறன் எண்டு சொன்னனான்தானே."

விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையானவர். ஒவ்வொரு சம்மாட்டியையும் எழுப்பிக் கேட்டார். அப்பா எழுந்ததும், "ஐயா, உங்கட வலைக்கு மீன் எப்பிடி?" என்றார். கரையில் போகிற வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி. அப்பா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் மற்றச் சம்மாட்டிகள், சுவரோடு சாய்ந்தபடி வியாபாரிகள், யன்னலால் எட்டிப் பார்க்கிற பெண்கள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"ஏதோ ஐயா, கறிக்குப் படும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் நான் எழுந்து அவர்கள் சொல்வது உண்மையில்லை என்று தொடங்கினேன். அதிகாரி என்னை மறித்தார். "தங்கச்சி, நீங்கள் வலை இழுக்கிறனீங்களோ?" இல்லை என்றேன். "அப்ப தொழில் செய்யிற ஆக்கள் சொல்லட்டும்" என்றார். தொழில் செய்கிற ஆட்கள் என் பக்கம் திரும்பாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன். "ஏன் அப்பா சொல்லேல்லை? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே இருந்தது?"

அப்பா நடையை நிறுத்தவில்லை. "அவ்வளவு பேருக்கு முன்னால எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? விடிஞ்சா வலை வளைக்க வேணுமெல்லோ."

விடிந்ததும் வளைத்தார். அந்த வருடத்தில் அப்படி ஒரு மீன் பட்டதில்லை. மடியைக் கரையேற்ற ஆள் போதாமல் வழியால் போனவர்களையும் கூப்பிட்டார்கள். பாரையும் கீரியும் வெள்ளைக் கட்டையைச் சுற்றித் துடித்துக்கொண்டு கிடந்தன. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பக்கம் வந்து, ஒருவருக்கும் கேட்காமல், "பாத்தியே பிள்ளை? நேற்று வாயைத் திறந்திருந்தா இது வந்திருக்குமே?" என்றார். அவரைத் திட்டவா, என் தலையில் அடித்துக்கொள்ளவா என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த பருவத்துக்கு முன்பே வேலி வந்துவிட்டது. வாடியை எங்களையே பிரிக்கச் சொன்னார்கள், பிரித்தோம். வலை இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரத்தின் கீழ் கிடக்கிறது, எலி வெட்டுகிறது. அப்பா பக்கத்து ஊரான சல்லியில் வேறொரு சம்மாட்டியின் வலையை நாட்கூலிக்கு இழுக்கப் போகிறார். புளியங்கொட்டையால் சொன்ன கூலி வேலை கடைசியில் உண்மையாகிவிட்டது. அறிக்கையை இனி ஒருவரும் பிழை சொல்ல முடியாது.

இறுதிப் பரீட்சையில் பங்கேற்பு முறையைப் பற்றி உதாரணத்துடன் எழுதச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. எங்கள் கரையில் நடந்ததை அப்படியே எழுதினேன். பிறகு ஒருநாள் விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டு, "அருமையான அவதானம் பிள்ளை. இதை வைச்சு நாங்கள் ரெண்டு பேரும் ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதுவமே?" என்றார். இதே அவதானத்தைப் பஸ்ஸில் சொன்னது அவருக்கு நினைவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்னும் யோசிக்கவில்லை.

பெறுபேறு வந்த அன்று பின்னேரம் அப்பா சல்லியில் இருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாமி படலையில் வந்து நின்று, "என்ன தம்பி, மகள் முதலாம் வகுப்பில பாஸ் பண்ணிட்டாவாம், உண்மையே?" என்றார். அப்பா நிமிர்ந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏதோ பாஸ் பண்ணிப்போட்டாள்" என்றார்.

முன்பென்றால் உள்ளே இருந்து பல்லைக் கடித்திருப்பேன். அன்று அழுகைதான் வந்தது. வலை போய்விட்டது, கரை போய்விட்டது. கண்ணூறு படாமல் காப்பாற்றுவதற்கு அவரிடம் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.