நிஸ்தாரின் நாலு விரல்

ஓகஸ்ட் 9, காலை 9.20. பதினேழு கோடுகள்.

திகதியும் நேரமும் எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தபோது இருந்தவை. கோடுகள், நிஸ்தார் தன் படகிலிருந்த ஐஸ் பெட்டியின் மூடியில் பென்சிலால் இழுத்தவை. பதினெட்டாவது கோடு இல்லை.

அழைத்தது அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி. "தம்பி, நிஸ்தார்ட போட்டை உச்சமுனைக்காரங்க கட்டி இழுத்துட்டு வாறாங்க. இஞ்சின் ஓடிட்டே இருந்திச்சாம். ஆளக் காணல்ல."

நான் கேட்ட முதல் கேள்வி: "தூண்டில் தடி போட்டுக்குள்ள இருக்கா?"

அவர், "என்ன கதை இது தம்பி?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார். அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அவன் உடல், ஜனாஸா, கரையொதுங்கியது. மறுநாள் மதியம் லுஹர் தொழுகையோடு அடக்கினோம். என் கேள்விக்கான காரணத்தை ராத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. நிஸ்தாரோடு கடலுக்குப் போன உங்களிடம் முதலில் சொல்கிறேன். "அவர்" என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவன் என் மச்சான், முப்பத்து நாலு வயது. அப்படியே எழுதுகிறேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவன். எத்தாளையில் என் வீட்டு முன்னறையில் தூண்டில் தடி கட்டுகிறேன். வெறும் தடியை வாங்கி, கைப்பிடி, ரீல் இருக்கை, நூல் ஓடும் வளையங்கள் எல்லாவற்றையும் பொருத்துவது என் வேலை. வளையங்களை நூலால் இறுக்கிச் சுற்றிப் பசை பூசுவது நிஸ்தாரின் வேலை. தொழிலால் அவன் படகு இஞ்சின் திருத்துபவன். தொண்ணூறில் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது வந்த குடும்பம். என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "இஞ்சினியர்" என்பான், நக்கலாக.

வளையங்கள் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. என்னிடம் ஓர் அட்டவணை உண்டு. தடியின் நுனியிலிருந்து ஒவ்வொரு வளையத்துக்கும் எத்தனை மில்லிமீற்றர் என்று அதில் இருக்கும். அளந்து, குறித்து, ஒட்டிவிட்டால் முடிந்தது. அவனுக்கு அது போதாது. முற்றத்தில் கதிரையைப் போட்டு அதன் முதுகில் தடியைக் கட்டுவான். வளையங்களை ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, நூலைக் கோத்து, நூலின் முனையில் உப்பு நிரப்பிய வாளியைத் தொங்கவிடுவான். தடி வில்லாக வளையும். அவன் கீழே மணலில் மல்லாந்து படுத்து மேலே பார்ப்பான். தடி வளையும் வழியை விட்டு நூல் எங்கே விலகுகிறதோ, அந்த வளையத்தை நகர்த்தச் சொல்வான்.

"அரை மணித்தியாலமாப் படுத்துக் கிடக்கிற. நித்திரையா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"நூலு சுகமில்லையாம் மச்சான். வருத்தம் பார்க்கிறன். நீ போய் உன்ட பேப்பருக்குத் தேத்தண்ணி குடு."

வாளி இரண்டு தரம் அறுந்து விழுந்தது. இரண்டாந்தரம் உப்பு முழுக்க அவன் முகத்தில். கண்ணைக் கழுவிக்கொண்டே, "நாலாவது வளையம், ஒரு விரல் மேல" என்றான். அவன் சொன்னதுதான் சரி.

நீங்கள் எல்லாரும் "நிஸ்தார் பிடி" என்று கேட்டு வாங்கியது இந்த வருடம் வந்தது. படகில் நின்று தடியின் அடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மீனை இழுப்பது அவன் பழக்கம். வழக்கமான இடத்தில் ரீல் இருந்தால் கை மடங்கி வலிக்கிறது என்றான். ரீல் இருக்கையை நாலு விரல் நுனிப் பக்கமாக ஏற்றிக் கொடுத்தேன். வளையங்களை அட்டவணைப்படியே, நுனியிலிருந்து அளந்து வைத்தேன். பிழை அதில்தான். ரீல் நாலு விரல் முன்னே போனால், ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் இடைவெளி நாலு விரல் குறையும். ரீலிலிருந்து சுருள் சுருளாகக் கழலும் நூல் ஒடுங்குவதற்கு இடம் போதாமல் முதல் வளையத்திலேயே மோதும். சில நேரம் சுற்றிக்கொள்ளும்.

அவன் வெறும் மணலில் எறிந்து பார்த்தபோதே கண்டுவிட்டான். "மச்சான், நூலு நுனியிலயா பொறக்குது? கையில பொறக்குது. கையிலருந்து அள."

பசை அப்போது இறுகிவிட்டது. சுற்றை வெட்டிப் பிரித்து மறுபடி கட்ட ஒரு முழுப் பின்னேரம் போகும். எனக்குப் பொறுமை இல்லை. "சும்மா சொல்லாத, கணக்கோட வா. கடல்ல இருபது தரம் எறி. எத்தனை தரம் சிக்குதுன்னு எண்ணிட்டு வா, வெட்டுறன்" என்றேன்.

"கச்சான் காத்து அடிக்குது, இஞ்சினியர். கடல் கோவமா இருக்கு."

"அப்ப தடி சரி."

சிரித்தான். தடியை எடுத்துக்கொண்டு போனான்.

கச்சான் காலத்தில், தென்மேல் காற்று வீசும் மாதங்களில், தனியாகப் போகாதே என்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பியவன் அவன். மூடியில் பதினேழு கோடுகள். அவற்றில் நாலைக் குறுக்கே வெட்டியிருந்தான், சிக்கிய எறிவுகள். பதினெட்டாவது எறிவுக்கான கணக்கு படகுக்குள் கிடந்த தடியில் இருந்தது. முதல் வளையத்தில் நூல் மூன்று சுற்று, கத்தி வைத்தால்தான் பிரியும் இறுக்கம். முழுப் பலத்தோடு எறியும்போது நூல் அப்படி இறுகினால், பறக்கும் ஈயம் நடுவானில் நின்று எறிந்தவனை முன்னே இழுக்கும். அதில் தடுமாறினானா, தடியை வைத்துவிட்டுச் சிக்கெடுக்கக் குனிந்தபோது அலை பக்கவாட்டில் அடித்ததா, தெரியாது. அவனை அடக்கிய மையவாடியில் எல்லாரும் "அல்லாஹ்ட நாட்டம்" என்றார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த இடைவெளியை அளந்தவன் நான். ஐந்நூற்று அறுபது மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் நானூற்று எண்பது இருக்கிறது.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஓர் அளவுதான். நாலு விரல். இனி நான் கட்டும் எந்தத் தடியிலும் அடிக்கோல் முதலில் ரீலில்தான் தொடும்.

அதே பிடியோடு, அதே பிழையோடு இன்னும் ஐந்து தடிகள் உங்கள் கைகளில் இருக்கின்றன. காற்று இன்னும் விழவில்லை. ஆகவே:

1. மாம்புரியில் இரண்டு, எத்தாளையில் இரண்டு. நாலு பேரிடமும் பேசிவிட்டேன். தடியைத் தொட வேண்டாம். இன்று பின்னேரம் நானே வந்து எடுப்பேன்.

2. நாலையும் வெட்டிப் பிரிப்பேன். வாளி, உப்பு, கதிரை. மணலில் மல்லாந்து படுக்கப் போவது நான்.

3. ராத்தாவிடம் போவேன். இருபது எறிவு கேட்டது நான் என்று சொல்வேன். 

4. ஐஸ் பெட்டி மூடியைக் கழுவ விடமாட்டேன்.

5. ஐந்தாவது தடி உச்சமுனை றிபாயிடம். இரண்டு நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. சற்றுமுன் மனைவி எடுத்தார். விடியவே கடலுக்குப் போய்விட்டாராம், தனியாக, அந்தத் தடியோடு. மற்ற எல்லாவற்றுக்கும் முன் இது. அவரைத் தேடிப் போக எனக்குக் கரையில் படகு நிற்கிறது. போகிறேன்.